லேகியமும் திரவம்தான் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிவகங்கை மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மகளின் பிரசவத்துக்காகச் சென்ற மாசியில் சிங்கப்பூர் போய் வந்தேன். விமானத்தில் ஏறியது அதுதான் முதல் தடவை. போகிற வழியில் நடந்ததை எழுதினால் அடுத்துப் போகிற யாருக்காவது உதவும் என்று இதை எழுதுகிறேன்.

நான் கொண்டுபோனதில் முக்கியமானது பிரசவ லேகியம். சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம் எல்லாவற்றையும் காயவைத்து, வறுத்து, இடித்து, சலித்து, கருப்பட்டிப் பாகில் போட்டுக் கிளற வேண்டும். நல்லெண்ணெயும் நெய்யும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே கை ஓயாமல் கிளறினால், ஒரு கட்டத்தில் வாணலியின் ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்கும். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் ஒட்டாமல் மொத்தமாக வழுக்கி விழும். அதுதான் பதம். என் அத்தைக்கு 84 வயது. அடுப்பங்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவர்தான் பதம் பார்த்துச் சொன்னார். ஆறியதும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் கழுத்து வரை அடைத்து, வாயில் வெள்ளைத்துணி கட்டி மூடினேன்.

அந்தப் பாட்டிலைப் பெரிய பெட்டியில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. பெட்டியைத் தூக்கிப் போடுவார்கள், உடைந்தால் துணியெல்லாம் எண்ணெயாகிவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். பஸ்ஸோ ரயிலோ, நம் பழக்கம் இதுதானே? மூட்டை மேலே ஏறும். நகையும் மருந்தும் மடியில் இருக்கும். தடுப்பூசிப் பெட்டியை மடியை விட்டு இறக்காமல் ஊர் ஊராகப் போனவள் நான். அதனால் லேகியம், குழந்தைக்குத் தேய்க்க 200 மில்லி பாட்டிலில் பாதியளவு தேங்காய் எண்ணெய், ஒரு டப்பா நார்த்தங்காய் ஊறுகாய் மூன்றையும் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

விமான நிலையத்தில் முதலில் பெட்டியை எடை போட்டு வாங்கிக்கொண்டார்கள். அது பட்டையில் உருண்டு உள்ளே போய்விட்டது. அப்புறம் குடியேற்ற அதிகாரி பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தினார். அதற்கும் அப்புறம்தான் கைப்பையைச் சோதிக்கும் இடம். இந்த வரிசையை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சோதனைக்கு வந்து நிற்கும்போது நம் பெட்டி நம்மிடம் இருக்காது. வழியனுப்ப வந்தவர்களிடம் திரும்பிப் போகவும் வழி கிடையாது.

என் பை மட்டும் வேறு பக்கம் தள்ளப்பட்டது. பாதுகாப்புப் படைப் பெண் ஒருவர் பையைத் திறந்து மூன்றையும் எடுத்து வெளியே வைத்தார். அவர் இந்தியில் சொன்னது எனக்குப் புரியவில்லை. பின்னால் நின்ற பையன், அங்கே கப்பல் பட்டறையில் வேலையாம், அவன்தான் சொன்னான்: "அம்மா, 100 மில்லிக்கு மேலே விடமாட்டாங்க." இது மருந்து என்றேன். மருத்துவர் சீட்டு உண்டா என்று கேட்டார்கள். வீட்டில் கிளறியதற்குச் சீட்டுக்கு எங்கே போவது? எண்ணெய் பாதிதானே இருக்கிறது, 100 மில்லிகூட வராதே என்று கேட்டேன். உள்ளே இருப்பது கணக்கில்லையாம், பாட்டில் எவ்வளவு கொள்ளும் என்பதுதான் கணக்காம். மில்லி எனக்குப் புதிதில்லை. அரை மில்லி தடுப்பூசி மருந்தை எத்தனை ஆயிரம் குழந்தைகளுக்கு அளந்து போட்டிருக்கிறேன். ஆனால் பாட்டிலின் அளவைத்தான் பார்ப்பார்கள் என்பது ஒருவர் சொல்லாமல் எப்படித் தெரியும்?

பக்கத்தில் ஒரு பெரிய தொட்டி. அதில் தண்ணீர் பாட்டில்கள், ஷாம்பூ, நெய் டப்பா, தைலம், இன்னும் பிரிக்காத தேன் பாட்டில் ஒன்று. அந்தப் பெண் லேகியத்தைத் தூக்கிப் போடவில்லை. குனிந்து, மெதுவாகத்தான் வைத்தார். வெள்ளைத்துணி கட்டிய வாய் மேலே தெரிய, அது ஒரு குளிர்பான பாட்டில் மேல் சாய்ந்து நின்றது. விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகும் அதுவே கண்ணில் நின்றது.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. இந்த விதி ஏன் வந்தது என்று மருமகன் பிறகு விளக்கினார். 2006 ஆகஸ்ட் 10 அன்று, அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்களைக் குளிர்பான பாட்டிலில் வெடிபொருள் கொண்டுபோய்த் தகர்க்கும் சதியைக் கண்டுபிடித்ததாக லண்டன் போலீஸ் அறிவித்தது. ஹைட்ரஜன் பெராக்சைடை வைத்துச் செய்யத் திட்டமிட்டிருந்தார்கள். புண் கழுவ நாங்கள் வைத்திருக்கிற அதே மருந்துதான், அடர்த்திதான் வேறு. பார்வைக்குத் தண்ணீர் மாதிரியே இருக்கும். பழைய எக்ஸ்ரே கருவியால் பாட்டிலின் வடிவத்தைக் காட்ட முடியும். உள்ளே இருப்பது தண்ணீரா வேறொன்றா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த ஆண்டு நவம்பரிலேயே ஐரோப்பாவில் 100 மில்லி விதி வந்தது, பிறகு உலகம் முழுக்கப் பரவியது. விதி வேண்டாம் என்று ஒரு நாளும் சொல்ல மாட்டேன். என் பேத்தியும் நாளைக்கு அதே விமானத்தில்தான் வருவாள். விதியை எங்கே, எப்போது, எந்த வார்த்தையில் சொல்கிறோம் என்பதைப் பற்றித்தான் என் கவலையெல்லாம்.

முதலில் வார்த்தை. "திரவப் பொருள்கள்" என்று சொன்னால் எங்கள் ஊரில் தண்ணீரும் பாலும்தான் நினைவுக்கு வரும். லேகியத்தை யாராவது திரவம் என்பார்களா? உறைந்த நெய்யை, ஊறுகாயை, பற்பசையை? ஆனால் சோதனையில் அத்தனையும் திரவக் கணக்குதான். ஊற்ற முடிவது, பூச முடிவது, பிதுக்க முடிவது, பீய்ச்ச முடிவது, கரண்டியில் குழைவாக வருவது எல்லாம் அதில் சேரும் என்று சொன்னால் படிக்காதவர்களுக்கும் புரியும். கூடவே பொருளின் பெயரையும் எழுத வேண்டும்: எண்ணெய், நெய், தேன், ஊறுகாய், லேகியம், தைலம், தீர்த்தம். இவற்றில் எதுவானாலும் 100 மில்லியோ அதற்குக் குறைவாகவோ கொள்ளும் டப்பாவில் இருக்க வேண்டும். எல்லா டப்பாவும் ஒரே ஒரு லிட்டர் ஜிப் பைக்குள், அமுக்கித் திணிக்காமல், மூடும்படி அடங்க வேண்டும். உள்ளே இருப்பது தெரிகிற பையாக அது இருக்க வேண்டும், ஆளுக்கு ஒன்றுதான். தட்டில் அதைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். கைக்குழந்தையின் பாலுக்கும், மருத்துவர் சீட்டுள்ள மருந்துக்கும், பயணத்துக்குத் தேவையான அளவுக்கு விலக்கு உண்டு. இவ்வளவுதான் விஷயம். ஒரு பக்கத்தில் அடங்கிவிடும்.

அடுத்தது இடம். சோதனை செய்யும் மேசை அருகே பலகை வைத்து என்ன பயன்? அங்கே வருகிறவருக்குத் தொட்டியைத் தவிர வேறு வழியே இல்லையே. பெட்டி கையில் இருக்கும்போதே சொல்ல வேண்டும். எடை போடும் வரிசை தொடங்கும் இடத்தில், நான் நின்ற உயரத்தில், தமிழில் படத்தோடு ஒரு பலகை இருந்திருந்தால் லேகியத்தை நாலு சேலைக்கு நடுவே சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருப்பேன். எடை போடுகிற பிள்ளை "கைப்பையில் எண்ணெய், ஊறுகாய் ஏதாவது இருக்கா அம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தாலும் போதும். தடுப்பூசி போட்ட பிறகு காய்ச்சல் வரலாம், பயப்படாதே, இந்த மாத்திரையைக் கொடு என்று ஊசி போடும்போதே தாய்க்குச் சொல்லி அனுப்புவோம். ராத்திரி காய்ச்சல் வந்த பிறகு அவள் தேடி வந்து தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டால் அடுத்த ஊசிக்கு வருவாளா?

மக்களுக்காக ஏற்பாடு செய்ய மனம் இருந்தால் வழி இருக்கிறது. 2024 அக்டோபரில், சபரிமலை போகிறவர்கள் இருமுடித் தேங்காயைக் கையோடு கொண்டுபோக, சோதனைக்குப் பிறகு, 2025 ஜனவரி 20 வரை விமானப் பாதுகாப்புத் துறை அனுமதித்தது. எங்கள் தெருவில் உம்ரா போய்வந்த அம்மா ஒருவர் ஜம்ஜம் தண்ணீரைப் பற்றிச் சொன்னார். பெரிய சாமான்களோடு அனுப்புகிற மாதிரி 5 லிட்டர் கேனாக, அட்டைப்பெட்டியில் கட்டியே விற்கிறார்களாம். நம் விமான நிலையங்களில் நான் கேட்பது அதைவிடச் சின்ன விஷயம்.

உள்நாட்டுப் பயணம் இன்னொரு குழப்பம். என் தம்பி மதுரையிலிருந்து சென்னைக்குப் போனபோது தண்ணீர் பாட்டிலைக் கையோடு கொண்டுபோனான். "ஒண்ணும் சொல்ல மாட்டாங்க அக்கா" என்று அவன் சொன்னதை நம்பித்தான் நானும் போனேன். வெளிநாட்டுப் பயணத்துக்குக் கெடுபிடி வேறு என்பது அவனுக்கும் தெரியாது. டிக்கெட் எடுத்துத் தருகிற கடைக்காரர்கள் அந்தத் தாளின் பின்பக்கத்திலாவது இதைத் தமிழில் அச்சடித்துத் தரலாம். சிங்கப்பூரில் ரயில் விட்டு இறங்கும்போது இடைவெளியைக் கவனிக்கச் சொல்லித் தமிழில் குரல் கேட்கிறது. புறப்பட்ட ஊரில் கேட்காத தமிழ் அங்கே கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்தது.

மகளிடம் சொன்னபோது, "அத்தைப் பாட்டிகிட்ட சொல்லிடாதேம்மா" என்றாள். தேக்கா சந்தையில் சரக்கெல்லாம் கிடைத்தது. அவர்கள் வீட்டு மின்னடுப்பில் மறுபடி கிளறினேன். பதம் சொல்ல ஆள் இல்லாமல் கொஞ்சம் இறுகிவிட்டது, ஆனாலும் அவள் 40 நாளும் சாப்பிட்டாள். ஊர் திரும்பிய பிறகு அத்தையிடம் சொல்லிவிட்டேன். "அந்தப் பொண்ணு ஒரு வாய் தின்னு பார்த்திருந்தா மருந்துன்னு தெரிஞ்சிருக்குமே" என்றார். 2006-ல் லண்டனில் குழந்தைக்குக் கொண்டுபோன பாலைப் பெற்றவர்களே குடித்துக் காட்டிய பிறகுதான் விட்டார்களாம். அதைச் சொன்னதும், "அப்ப நீயும் தின்னு காட்டியிருக்கலாம்" என்றார். அவருக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது எங்கள் ஊரிலிருந்து வெளிநாடு போகிறவர்கள் என்னிடம் வந்து கேட்டுவிட்டுப் போகிறார்கள். மேலே சொன்னதையெல்லாம் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, பாட்டில் படம் போட்டு வைத்திருக்கிறேன். சென்ற வாரம் மலேசியாவுக்குப் பேறுகாலம் பார்க்கப் போன அம்மா, லேகியத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டதாக நேற்று போனில் சொன்னார். அந்தத் தாளின் ஜெராக்ஸ் ஒன்றை இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். இடம் இருந்தால் அதையும் வெளியிடுங்கள். விமான நிலைய அதிகாரிகள் யாராவது கேட்டால், படத்தோடு அப்படியே எடுத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
சிவகங்கை மாவட்டம்.