கடையின் பெயரோடு வேளையையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இணைப்பில் யாழ்ப்பாணத்தில் சாப்பிடத் தகுந்த இடங்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையை முள்ளியவளையிலுள்ள எங்கள் வீட்டில் மூன்று பேர் படித்தோம். பட்டியலில் இருந்த கடைகளில் எதையும் நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனாலும் அந்தப் பட்டியலை ஒருவர் கையில் கொடுத்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்ப மாட்டோம் என்பதிலும் மூவரும் ஒத்துப்போனோம். எந்தக் கடைக்குப் போகலாம் என்று எழுதிய கட்டுரையாளர் எத்தனை மணிக்குப் போகவேண்டும், எந்தக் கிழமையில் போகவேண்டும், எந்த மாதத்தில் போகவேண்டும் என்பதை ஓரிடத்திலும் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்துச் சாப்பாட்டில் பாதி விஷயம் அதுதான் என்பதனாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

வன்னியில் இருப்பவர்களுக்கு யாழ்ப்பாணம் ஒரு பகற்பொழுது ஊர். ஆஸ்பத்திரிக் கிளினிக், ஏதேனும் ஒரு கந்தோர் அலுவல், கல்யாணத்துக்குச் சேலை எடுப்பது, நல்லூர் என்று காரணம் எதுவாயினும், விடியுமுன் பஸ் ஏறிப் புதுக்குடியிருப்பு, பரந்தன், ஆனையிறவு என்று கடந்து, வெயில் ஏறும் நேரத்தில் போய் இறங்கி, பொழுதுபடுவதற்குள் திரும்பும் பஸ்ஸைப் பிடிக்கவேண்டியவர்கள் நாங்கள். வெளிநாட்டிலிருந்து வந்து விடுதியில் நான்கு நாள் தங்குபவர் ஒரு நாள் ஏமாந்தால் மறுநாள் வேறு கடைக்குப் போகலாம். எங்களுக்கு மறுநாள் என்பது அடுத்த கிளினிக் திகதி. அதுவும் இல்லாமற்போன காலமும் உண்டு. 2002 சித்திரையில் போர் ஓய்ந்து யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 வீதி திறந்தபோது ஆசையோடு போய்வரத் தொடங்கிய நாங்கள், 2006 ஆவணியில் அது மூடப்பட்டபின் அந்த ஊர்ச் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மட்டுமே முடிந்தது. ஆகவே இவ்விடயத்தில் நாங்கள் கொஞ்சம் கறாரானவர்கள் என்பதை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வேளையின் அருமையை நான் அறிந்துகொண்டது என் சொந்தப் பிழையினால். சில ஆண்டுகளுக்கு முன் கிளினிக்கில் எண் கூப்பிடத் தாமதமாகி, பிற்பகல் மூன்று மணியளவில் நல்ல பெயருள்ள ஒரு சைவக்கடைக்குப் போனேன். ஆறிய சோறு, அடிச்சட்டியில் மிஞ்சிய பருப்பு, எண்ணெய் கக்கிய கத்தரிக்காய், அவ்வளவுதான் வந்தது. ஊர் திரும்பி ஒரு வருடமளவுக்கு அந்தக் கடையை இழுத்துப் பேசிக்கொண்டிருந்தேன். அடுத்த முறை மகளின் வற்புறுத்தலால் மனமில்லாமல் போனபோது நேரம் பன்னிரண்டரை. அதே மேசை, அதே பரிமாறுபவர். ஆனால் இலையில் வந்து விழுந்தது வேறு ஒரு கடையின் சாப்பாடு. பழைய கதையை அவரிடம் சொன்னேன். “மூண்டு மணிக்கு வந்தால் நாங்களே அதைத்தான் ஐயா சாப்பிடுறது” என்றார். அன்றோடு என் வசை நின்றது.

காலையைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள சைவக்கடைகளில் தோசையும் இடியப்பமும் சூடாகக் கிடைக்கும் நேரம் அது. இடியப்பத்துக்குத் தேங்காய்ப்பாலில் செய்த சொதியைக் கேட்டு வாங்கவேண்டும், கேளாதவருக்குச் சாம்பாரை ஊற்றிவிடுகிறார்கள் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

மதியச் சாப்பாட்டைத்தான் கட்டுரையாளர் இரண்டு வரியில் முடித்திருக்கக் கூடாது. பெரியகடையிலுள்ள மலாயன் கபேயை அவர் ‘பழமையான சைவ உணவகம்’ என்று எழுதியிருக்கிறார். பழமை ஒரு கடைக்குச் சிறப்பாகாது; பழைய முறை இன்னும் வேலை செய்கிறதா என்பதே கேள்வி. அங்கு வேலை செய்கிறது. கல் பதித்த மேசையில் வாழையிலை விரித்து, சோறு வைத்து, பருப்பும் பால்கறியும், தேங்காய்ப்பூவோடு வறுத்த வறையும், குழம்பும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, அப்பளம் நொறுங்கி, கடைசியில் ரசத்தில் சோறு கரையும்வரை யாரும் உங்களை எழுப்புவதில்லை. சாப்பிட்டு முடிந்ததும் இலையை மடித்து எடுத்துச் சென்று, கை கழுவும் இடத்தருகே சுவரிலுள்ள துவாரத்தினுள் நீங்களே போட்டுவிட வேண்டும். முதன்முறை போகும் வன்னிப் பிள்ளைகளுக்கு அந்தத் துவாரம் சாப்பாட்டைவிடப் பெரிய வேடிக்கை. ஆனால் இதெல்லாம் பன்னிரண்டுக்கும் ஒன்றரைக்கும் இடையில் நடப்பவை. அந்த நேரத்தில் இலை விழ விழ அடுப்பிலிருந்து கறி வந்துகொண்டிருக்கும். கூட்டத்தைக் கண்டு பயந்து, ‘கொஞ்சம் ஓயட்டும்’ என்று கடைத்தெருவைச் சுற்றிவிட்டு வருபவர் இழப்பது வறையை. எந்தச் சைவக்கடையிலும் முதலில் தீர்வது வறைதான். கூட்டம் இருக்கும்போதே போய், எழும்பப்போகிறவரின் பின்னால் நிற்பதே முறை. பஸ்ஸில் இடம் பிடித்துப் பழகிய எங்களுக்கு அது ஒரு கஷ்டமும் இல்லை.

இவ்விடத்தில் என் தனிப்பட்ட ஆற்றாமை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் இலைச் சாப்பாட்டைப் புகழ்ந்து எழுதுபவர்கள் கறிகளை எண்ணுகிறார்களே தவிர, சோற்றைப் பற்றி ஒரு சொல்லும் எழுதுவதில்லை. பெரிய பாசனக் குளமில்லாத அந்தக் குடாநாட்டின் இலைகளில் விழும் சோற்றில் எவ்வளவு எங்கள் வன்னியின் இரணைமடுக் குளத்தின் கீழும் முத்தையன்கட்டுக் குளத்தின் கீழும் விளைந்தது என்று யாரும் கேட்பதில்லை. கடையில் வெள்ளைச் சோறும் சிவப்புப் பச்சையரிசிச் சோறும் இருந்தால் சிவப்பைக் கேட்டு வாங்குங்கள். பிட்டும் அப்படித்தான், சிவப்பரிசி மாப் பிட்டு ஆறினாலும் உதிரும், வெள்ளை மாப் பிட்டு ஆறினால் கட்டிபடும்.

திருநெல்வேலியிலுள்ள அம்மாச்சி உணவகத்தைக் கட்டுரையில் சேர்த்தமைக்கு நன்றி. தெற்கில் ‘ஹெல போஜுன்’ என்று விவசாயத் திணைக்களம் நடத்தும் உணவகங்களின் வடக்குப் பிள்ளை இது. தாயின் தாயை நாங்கள் அழைக்கும் சொல்லே அதற்குப் பெயராயிற்று. சமைப்பவர்களும் விற்பவர்களும் பெண்கள். ஒவ்வொருவரும் தத்தம் அடுப்புக்குப் பின்னால் நின்று கண்முன்னே செய்து தருவதனால் எது புதியது, எது காலையில் செய்தது என்று கேட்டறிய வேண்டிய தேவையே இல்லை. குரக்கன் பிட்டு, காயவைத்த பனங்கிழங்கு மாவில் செய்யும் ஒடியல் பிட்டு, இலைக்கஞ்சி, உழுந்துவடை என்று ஒவ்வொரு தட்டாகப் பார்த்துக்கொண்டு போகலாம். ஆனால் இதற்கும் வேளை உண்டு. கஞ்சி காலைக்குரியது, மதியத்துக்கு மேல் கேட்டால் சிரிப்பார்கள். பிட்டு வகைகளை முற்பகலில் சாப்பிடவேண்டும். நாலு மணிக்குப் போகிறவர் வடையோடும் தேநீரோடும் திருப்திப்பட்டுக்கொள்ள வேண்டியதுதான், அதுவும் குறைந்த திருப்தியல்ல. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இதே உணவகம் இருக்கிறது. ஏ9 வழியே தெற்கிலிருந்து வருபவர் இரணைமடுச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் யாழ்ப்பாணம் வரையும் போகாமலே அம்மாச்சியைக் காணலாம் என்பதைக் கட்டுரையாளர் ஏனோ எழுதவில்லை.

மீன், இறைச்சி என்று மச்சம் உண்பவர்களுக்கு நண்டுக்கறியைப் பரிந்துரைத்திருக்கிறார். நல்ல பரிந்துரை. ஆனால் முல்லைத்தீவுக் கரையில் வளர்ந்தவன் என்ற வகையில் இதில் நான் வாய்மூடி இருக்கமுடியாது. நிலவுக் காலத்து நண்டில் சதை இராது, இருட்டுக் காலத்து நண்டுதான் கனக்கும் என்று எங்கள் கடற்றொழிலாளர்கள் சொல்வார்கள்; வீட்டில் நண்டு வாங்குகிறவர்களும் நாட்காட்டியைப் பார்த்தே வாங்குவார்கள். பூரணையை அண்டிய நாட்களில் நகரத்துக் கடையொன்றில் அதிக விலை கொடுத்து நண்டுக்கறி எடுத்துவிட்டு, கோதை உடைத்து உடைத்துக் குழம்பை மட்டும் உறிஞ்சிக்கொண்டிருந்த ஒரு சுற்றுலாக் குடும்பத்தைப் பார்த்து நான் மனம் வருந்தியதுண்டு. அந்த நாட்களில் கணவாயோ இறாலோ எடுத்தால் காசு வீண்போகாது.

ஒடியற்கூழைக் கடைப் பட்டியலில் சேர்த்ததை நான் ஏற்கவில்லை. ஒடியல் மாவைக் கரைத்து, மீன், நண்டு, இறால், பயத்தங்காய், மரவள்ளிக்கிழங்கு, பலாக்கொட்டை, முருங்கையிலை எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டு, செத்தல் மிளகாயும் பழப்புளியும் சேர்த்துக் காய்ச்சும் கூழ், பத்துப் பேர் பானையைச் சுற்றி இருந்து பலாவிலையை மடித்துக் குடிப்பதற்காக உண்டானது. ஒரு கோப்பை வாங்கி ஒருவர் தனியே குடிக்கும் பண்டமல்ல. கடையில் கிடைத்தால் ருசி பார்க்கலாம், பிழையில்லை. ஆயினும் யாழ்ப்பாணத்தில் உறவினர் ஒருவராவது இருப்பவர் ஒரு விடுமுறை நாளுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்து, மீனையும் தாமே வாங்கிக்கொண்டு போவது நல்லது. நந்திக்கடல் இறாலோடு போகிறவரை எந்த மச்சாளும் வாசலில் நிறுத்தமாட்டார்.

கொத்துறொட்டியைப் பகலில் கேட்காதீர்கள். இருட்டியபின் இரும்புத் தட்டில் கொத்தும் சத்தம் தெருவுக்குக் கேட்கத் தொடங்கினால்தான் றொட்டி புதிதாக இருக்கும். எங்களைப் போன்ற பகற்பொழுதுப் பயணிகளுக்கு அது தங்கினால் மட்டும் கிடைக்கும் பேறு.

நல்லூரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். கோயிலுக்கு அருகிலுள்ள ரியோவில் ஐஸ்கிறீம் குடிக்காமல் திரும்பிய வன்னிப் பிள்ளையை நான் இன்னும் காணவில்லை. தரிசனம் முடித்து, விபூதியும் சந்தனமும் காயுமுன் அங்கு போய் உட்காருவது எங்கள் வீட்டில் ஏறக்குறைய வழிபாட்டின் ஒரு பகுதி. சாதாரண நாட்களில் மாலை நாலரைக்கும் ஐந்தரைக்கும் இடையில் போனால் அமைதியாக இருந்து சாப்பிடலாம். ஆனால் இருபத்தைந்து நாள் திருவிழாக் காலத்தில், சிறப்பாக 24ஆம் நாள் தேரன்று, அங்கு இடம் கிடைக்கும் என்று யாரும் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்கவேண்டாம். அந்த நாட்களில் யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகள் பல மச்சம் சமைப்பதில்லை. கட்டுரையைப் படித்துவிட்டு ஆவணியில் நண்டு தேடிப் போகிறவர், விருந்துக்கு அழைத்த வீட்டில் தோசையைக் கண்டு முகம் சுளிக்கக் கூடாது. கோயிலைச் சுற்றியுள்ள மாங்கோஸ் போன்ற சைவக்கடைகளுக்கு அதுவே பெரும் பருவம்.

மாதங்களையும் பட்டியலில் சேர்த்திருக்கலாம். கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வைகாசி, ஆனியில். பனங்காய்ப் பணியாரம் ஆவணி, புரட்டாதியில். அவித்த பனங்கிழங்கு மார்கழி, தையில். இவற்றுக்குக் கடைப்பெயர் தேவையில்லை. திருநெல்வேலிச் சந்தையிலோ சுன்னாகம் சந்தையிலோ காலையில் நின்றால் போதும்.

கடைகள் அல்ல என்பதனாற்போலும் கட்டுரையாளர் இரண்டு இடங்களை விட்டுவிட்டார். ஒன்று, தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி. அங்குள்ள முருகனை ‘அன்னதானக் கந்தன்’ என்றே அழைக்கிறோம். மதியப் பூசைக்குப் பின் அங்கு போகிறவர் பசியோடு திரும்புவதில்லை. மற்றது, குறிகட்டுவானில் வள்ளம் ஏறிப் போகும் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலின் அமுதசுரபி அன்னதான மண்டபம். கடற்காற்றில் போய் வரிசையில் இருந்து உண்ணும் அந்தச் சோற்றுக்கும் சாம்பாருக்கும் நான் எந்தக் கடைச் சாப்பாட்டையும் ஈடாக வைக்கமாட்டேன். கடைசி வள்ளத்தின் நேரத்தை மட்டும் இறங்கும்போதே கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த முறை இத்தகைய பட்டியல் வெளியிடும்போது ஒவ்வொரு கடைப் பெயருக்கும் எதிரே நேரம், கிழமை, மாதம் என்று மூன்று சிறு குறிப்புகளைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பத்திரிகையில் அதற்கு நாலு அங்குல இடம் கூடப் பிடிக்காது. அத்தோடு ஒரு திருத்தமும் உண்டு. பருத்தித்துறை வடையைச் ‘சுடச்சுடச் சாப்பிடவேண்டும்’ என்று கட்டுரையில் எழுதியிருந்தது. அவர் உழுந்துவடையை நினைத்து எழுதியிருக்கவேண்டும். பருத்தித்துறை வடை தட்டையாகத் தட்டி முறுகப் பொரிப்பது. நன்றாக ஆறியபின் காற்றுப் புகாத பேணியில் அடைத்தால் பல நாள் கெடாமல் இருக்கும். இந்த ஊரில் வேளை பார்க்காமல் வாங்கக்கூடிய பண்டம் அது ஒன்றுதான். நாங்கள் பஸ் ஏறுமுன் வாங்கும் இரண்டு பைகளில் ஒன்று ஆனையிறவு தாண்டுமுன் தீர்ந்துவிடும். மற்றது பெரும்பாலும் முள்ளியவளை வந்து சேரும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
முள்ளியவளை.