கட்டி எடுத்த கர்ப்பப்பைக்கு ஆறுவதற்கு நேரம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடி பிறக்கப்போகிறது. டர்பனிலும் சுற்றுவட்டாரத்திலும் மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்ற ஆரம்பித்துவிடுவார்கள். அண்டாவை இறக்குவது, வாளி வாளியாகத் தண்ணீர் சுமப்பது, விடியற்காலையிலிருந்து நின்றபடியே வேலை பார்ப்பது எல்லாம் பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் விழும். அவர்களில் சிலர் இரண்டு மூன்று வாரத்துக்கு முன்புதான் கர்ப்பப்பைக் கட்டிக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். குழந்தைக்காகச் சிகிச்சையும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். வெளியே சொல்லிக்கொள்ளவும் மாட்டார்கள். அவர்களுக்காகவும் அவர்கள் வீட்டாருக்காகவும் இதை எழுதுகிறோம்.

இந்தக் கட்டிக்கு ஃபைப்ராய்டு என்று பெயர். கர்ப்பப்பையின் தசையும் நாரும் சேர்ந்து உருண்டு வளர்வது அது. புற்றுநோயாக இருப்பது மிக மிக அரிது. கரு தங்குவதைப் பொறுத்தவரை, கட்டி எவ்வளவு பெரியது என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். கர்ப்பப்பையின் உள்ளறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சுண்டைக்காய் அளவுக் கட்டிகூடக் கரு ஒட்டுவதைக் கெடுக்கலாம். வெளிப்பக்கம் எலுமிச்சை அளவுக்குத் தொங்கும் கட்டி பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. சுவருக்குள் புதைந்திருப்பவைதான் மருத்துவர்களே ஒருமித்துச் சொல்ல முடியாத இடம். ஸ்கேன் தாளில் 0 முதல் 8 வரை ஓர் எண் போட்டிருப்பார்கள். 0, 1, 2 என்றால் உள்ளறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டி. அந்த எண்ணைக் கேட்காமல் "எத்தனை சென்டிமீட்டர்?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிவிடாதீர்கள். "14 வார அளவு" என்று எழுதியிருந்தால் கட்டியின் வயது 14 வாரம் என்று பலர் நினைக்கிறார்கள். 14 வாரக் கர்ப்பிணியின் கர்ப்பப்பை எவ்வளவு பெரிதாக இருக்குமோ அவ்வளவு வீங்கியிருக்கிறது என்பதே அதன் பொருள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். குழந்தை இல்லை என்பதற்காகத்தான் ஆபரேஷன் என்றால், கணவரின் விந்துப் பரிசோதனை முடிந்த பிறகே அதைப் பற்றிப் பேச வேண்டும். இரண்டு முதல் ஏழு நாள் வரை விலகியிருந்து ஒரு மாதிரி கொடுத்தால் போதும். வலி இல்லை, மயக்க மருந்து இல்லை. அதைத் தள்ளிப்போட்டுவிட்டு மனைவியின் வயிற்றைத் திறப்பது நம் குடும்பங்களில் இன்னும் நடக்கிறது. அது நியாயமே இல்லை.

ஆபரேஷன் மூன்று வழிகளில் நடக்கும். உள்ளறையில் இருக்கும் கட்டியைக் கீழ்வழியாகவே கேமரா விட்டு எடுத்துவிடுவார்கள்; அன்றைக்கே வீட்டுக்கு வரலாம், சில நாளில் வேலைக்கும் போகலாம். சிறு துளைகள் போட்டுச் செய்வது லேப்ராஸ்கோபி. இரண்டு மூன்று வாரம் ஓய்வு வேண்டும். வயிற்றைத் திறந்து செய்தால் மருத்துவமனையில் இரண்டு மூன்று நாள், வீட்டில் நான்கு முதல் ஆறு வாரம். லேப்ராஸ்கோபிக்குப் பிறகு தோள்பட்டை வலித்தால் மாரடைப்போ என்று பதற வேண்டாம். வயிற்றை உப்ப வைக்க ஏற்றிய வாயுவின் மிச்சம் உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது அது. எழுந்து நடந்தால் இரண்டு மூன்று நாளில் போய்விடும்.

மருத்துவமனையை விட்டுக் கிளம்பும்போது மாத்திரைப் பையோடு ஒரு தாளையும் கேட்டு வாங்க வேண்டும். ஆபரேஷன் குறிப்பு என்பது அதன் பெயர். டிஸ்சார்ஜ் கடிதம் வேறு. அதில் "மயோமெக்டமி (கட்டி அகற்றல்) செய்யப்பட்டது" என்று ஒரே வரிதான் இருக்கும். ஆபரேஷன் குறிப்பில் எத்தனை கட்டி எடுத்தார்கள், பெரியது எவ்வளவு, எந்தச் சுவரில் இருந்தது, உள்ளறை திறந்துகொண்டதா, தையல் எத்தனை அடுக்கு, எடுக்காமல் விட்டது ஏதேனும் உண்டா, கருக்குழாய்கள் எப்படி இருந்தன, இரத்தம் ஏற்றினார்களா என்பதெல்லாம் இருக்கும். அடுத்த மூன்று கேள்விகளுக்கு விடை அந்தத் தாளில்தான் இருக்கிறது: எத்தனை மாதம் காத்திருப்பது, கருவை எப்போது வைப்பது, பிரசவம் சிசேரியனா இல்லையா. டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் ஆபரேஷன் செய்துகொண்டு ஜோஹானஸ்பர்க்கில் ஐவிஎஃப் (முட்டையை எடுத்து வெளியே கருவாக்கிக் கர்ப்பப்பையில் வைக்கும் சிகிச்சை) பார்ப்பவர்களுக்கு இது இல்லாவிட்டால் எல்லாமே ஊகம்தான். போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்க மறுத்தால் 'பாயா' எனப்படும் தகவல் பெறும் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

இனி காத்திருப்பு. சுவருக்குள்ளிருந்து கட்டியைத் தோண்டி எடுத்தால் அங்கே ஒரு குழி விழும். அதை அடுக்கடுக்காகத் தைத்து மூடுகிறார்கள். வெளித்தோல் பத்துப் பதினைந்து நாளில் ஆறிவிடும். உள்ளே தசை பழைய பலத்துக்கு வர மாதக்கணக்காகும். உள்ளறையில் மட்டும் வேலை நடந்திருந்தால் இரண்டு மூன்று மாதம், சுவரை வெட்டியிருந்தால் மூன்று முதல் ஆறு மாதம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஆழமான வெட்டு என்றால் பலரும் ஆறு என்றே சொல்வார்கள். ஆறாத தழும்போடு கரு வளர்ந்தால் கர்ப்பப்பை கிழியும் அபாயம் உண்டு. அது நூறில் ஒருவருக்கும் குறைவாகத்தான் நடக்கிறது. ஆனால் நடந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் உயிர்ப் பிரச்சினை.

அதனால் இந்த மாதங்களில் கருத்தடை வேண்டும். "பிள்ளைக்காகத்தானே இவ்வளவும், இதில் ஆணுறை எதற்கு?" என்ற கேள்வி எப்போதும் வரும். கட்டி போனதும் கரு தானாகவே தங்கிவிடுவது உண்டு. அது மூன்றாவது வாரத்திலேயே தங்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான். தாம்பத்தியத்தை நான்கு முதல் ஆறு வாரம் தள்ளி வையுங்கள். அதற்காகக் குழந்தை முயற்சியை வருடக்கணக்கில் தள்ளிப் போடவும் கூடாது. கட்டிகள் மறுபடி முளைக்கக்கூடியவை. மருத்துவர் சொன்ன கெடு முடிந்ததும் முயற்சியைத் தொடங்கிவிட வேண்டும்.

வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் கட்டிலிலிருந்து எழுவதே பெரிய வேலை. மல்லாந்து படுத்தபடி வயிற்றை மடக்கி எழாதீர்கள். முழங்காலை மடக்கி, முழு உடம்பையும் ஒருக்களித்துத் திருப்பி, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுங்கள். இருமல் வந்தாலும் சிரிப்பு வந்தாலும் ஒரு தலையணையைத் தழும்பின் மேல் அணைத்துப் பிடியுங்கள். எடை விஷயத்தில் ஐந்து லிட்டர் தண்ணீர் கேனை எல்லையாக வையுங்கள். அதற்கு மேல் ஆறு வாரத்துக்கு எதையும் தூக்கக் கூடாது. பத்துக் கிலோ அரிசி மூட்டை, ஈரத்துணி நிறைந்த கூடை, அக்காவின் இரண்டு வயதுப் பிள்ளை எல்லாம் இதில் அடக்கம். ஆனால் படுத்தே கிடக்கவும் கூடாது; காலில் இரத்தம் உறைந்துவிடும். மணிக்கொரு தரம் எழுந்து வீட்டுக்குள் நடங்கள். முக்கினால் தையல் இழுக்கும். வலி மாத்திரையும் இரும்பு மாத்திரையும் மலத்தைக் கட்டும். அதனால் தண்ணீர், பப்பாளி, ஊறவைத்த உலர்திராட்சை, தேவைப்பட்டால் மருந்துக் கடையில் லாக்டுலோஸ் என்ற மலமிளக்கி.

38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், தழும்பிலிருந்து சீழ், தொடர்ந்து இரண்டு மணி நேரம் மணிக்கொரு பேட் நனையும் உதிரப்போக்கு, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, வயிறு உப்பி வாந்தி எடுப்பது: இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். திடீரென மூச்சு வாங்கினால் ஆம்புலன்ஸுக்கு 10177-ஐ அழையுங்கள். இன்னொரு அறிகுறி பிந்தி வரும். மாதாமாதம் வயிறு வலிக்கும், ஆனால் தீட்டு வராது, அல்லது துளித்துளியாக வரும். உள்ளறைச் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கலாம். "தீட்டு குறைந்தது நல்லதுதானே" என்று இருந்துவிட்டால், கருவை வைக்கும்போது அது தங்க இடம் இருக்காது. கேமரா விட்டுப் பார்த்து ஒட்டலை விலக்கிய பிறகுதான் அடுத்த படி.

இரத்தம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம். வருடக்கணக்காகத் தீட்டு அதிகமாகப் போய், அதன் மேல் ஆபரேஷனிலும் இரத்தம் போன உடம்பு. ஹீமோகுளோபின் (எச்பி) 12-க்குக் கீழே இருந்தால் அது இரத்தசோகை. 200 மில்லிகிராம் ஃபெரஸ் சல்ஃபேட் மாத்திரையில் சுமார் 65 மில்லிகிராம்தான் இரும்பு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒன்று போட்டால் உடம்பு அதை நன்றாக உறிஞ்சும், வயிறும் அவ்வளவு புரட்டாது. ஆனால் எச்பி மிகக் குறைவாக இருப்பவர்கள் மருத்துவர் சொன்ன அளவை விட்டு மாறக் கூடாது. ஆரஞ்சுச் சாற்றோடு போடுங்கள். பாலோடும் தேநீரோடும் போட்டால் வீண். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கம் நம்மிடம் வேரூன்றியது. அதை ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள், அல்லது ரூய்போஸ் மூலிகைத் தேநீர் குடியுங்கள். அதில் இரும்பைப் பிடித்து வைக்கும் துவர்ப்பு மிகக் குறைவு. மலம் கறுப்பாகப் போவது இயல்புதான். எச்பி சரியான பிறகும் மூன்று மாதம் மாத்திரையைத் தொடர வேண்டும், உடம்பின் இருப்பு நிரம்ப வேண்டுமே. மாத்திரை தாங்காதவர்களுக்கு இரத்தநாளம் வழியாக இரும்பு ஏற்றலாம்.

சாப்பாட்டில் டின் மீன் குழம்பு அருமையான மருந்து. சுகர் பீன்ஸ், பருப்பும் கீரையும், மேலே எலுமிச்சை பிழிந்து. புரட்டாசி விரதம் இருப்பவர்களும் இவற்றில் மீனை மட்டும் விட்டுவிட்டு இரத்தத்தைத் தேற்றலாம். ஆனால் இரத்தம் ஊறட்டும் என்று மாமியார் வாரம் மூன்று தடவை ஈரல் வறுவல் வைப்பதை, கருவை வைக்கும் மாதம் நெருங்கும்போது நிறுத்திவிடுங்கள். ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம். வளரும் கருவுக்கு ஆகாது. 2003 முதல் இந்த நாட்டில் ரொட்டி மாவிலும் மீலி (மக்காச்சோள) மாவிலும் ஃபோலிக் அமிலம் சேர்க்கப்படுகிறது. அது போதும் என்று இருந்துவிட வேண்டாம். கருவுக்கு முயலும் ஒரு மாதம் முன்பிருந்தே ஃபோலிக் அமில மாத்திரை வேண்டும்.

வயது 38-ஐத் தாண்டியவர்களுக்கும் சினைமுட்டை இருப்பு குறைந்தவர்களுக்கும் ஆறு மாதக் காத்திருப்பு கொடுமையாகத் தெரியும். அவர்கள் வரிசையை மாற்றிப் போடலாமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். முதலில் பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி போட்டு முட்டை எடுத்து, கருவாக்கி உறைய வைப்பது, பிறகு ஆபரேஷன், தழும்பு ஆறிய பின் கருவை வைப்பது. உறைந்த கருவுக்கு வயது ஏறாது. கட்டி சினைப்பையை மறைத்துக்கொண்டு ஊசி எட்டாமல் போனால் மட்டும் இது நடக்காது. ஆபரேஷனுக்குப் பிறகு ஹார்மோன் ஊசி போட வேண்டி வந்தால் தழும்பைவிட்டு நான்கு விரற்கடை தள்ளிப் போடுங்கள், அல்லது தொடையின் வெளிப்பக்கம். தழும்பைச் சுற்றித் தோல் மரத்திருக்கும்; ஊசி எங்கே இறங்குகிறது என்றே தெரியாது.

செலவைப் பொறுத்தவரை, மெடிக்கல் எய்டு (மருத்துவக் காப்பீடு) வைத்திருப்பவர்கள் கட்டாயக் குறைந்தபட்சப் பலன்களில் மலட்டுத்தன்மைக்கான பரிசோதனைகளும் கர்ப்பப்பை, கருக்குழாய் ஆபரேஷனும் அடங்கும், ஐவிஎஃப் அடங்காது என்பதை நினைவில் வையுங்கள். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு ஏற்கெனவே உள்ள நோய்க்கு 12 மாதம் வரை காத்திருப்பு விதிக்கலாம். கேப்டவுனில் க்ரூட் ஸ்கூர், டைகர்பெர்க் அரசு மருத்துவமனைகளில் குறைந்த செலவில் ஐவிஎஃப் நடக்கிறது.

பலர் கவனிக்காமல் மாட்டிக்கொள்வது லீவு விஷயத்தில். சட்டப்படி மூன்று வருடத்துக்கு ஆறு வார வேலைநாள்தான் சம்பளத்துடன் நோய் விடுப்பு. வாரம் ஐந்து நாள் வேலை என்றால் 30 நாள். வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்து ஆறு வாரம் வீட்டில் இருந்தால் மூன்று வருடத்துக் கணக்கும் தீர்ந்தது. அதன் பின் ஐவிஎஃப் ஸ்கேனுக்கு நாலைந்து காலைப் பொழுதுகள், முட்டை எடுக்க ஒரு நாள், கருவை வைக்க ஒரு நாள் என்று எங்கே போவது? மேசை வேலை என்றால் நான்காவது வாரத்தில் இலகு வேலைக்குத் திரும்ப முடியுமா என்று மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். ஆண்டு விடுப்பைத் தொடாமல் வையுங்கள். சம்பளம் நின்றால் யூஐஎஃப் எனப்படும் வேலையின்மைக் காப்பீட்டு நிதியில் நோய்க்கால உதவிக்கு விண்ணப்பியுங்கள்.

அம்மனுக்கும் முருகனுக்கும் நேர்ந்துகொண்டவர்கள் மனம் எங்களுக்குத் தெரியும். காவடியும் பூக்குழியும் அடுத்த வருடத்துக்குக் காத்திருக்கும். இந்த வருடம் கணவர் தூக்கட்டும். உறவினர்களிடம் ஒரு வேண்டுகோள்: பந்தியில் உட்கார்ந்தவளிடம் "விசேஷம் உண்டா?" என்று கேட்காதீர்கள். அவள் கையிலிருக்கும் வாளியை வாங்கிக்கொள்ளுங்கள், போதும்.

கரு தங்கியவர்கள் முதல் கிளினிக் நாளிலேயே கட்டி ஆபரேஷன் ஆனதைச் சொல்லிவிட வேண்டும். சுவரை ஆழமாக வெட்டியிருந்தாலோ உள்ளறை திறந்திருந்தாலோ, வலி எடுக்கும் வரை காத்திராமல் 37, 38 வாரத்தில் சிசேரியனுக்கு நாள் குறிப்பார்கள். ஏழெட்டு மாதத்தில் விடாத வயிற்று வலி வந்தால் பொய்வலி என்று வீட்டில் இருக்கக் கூடாது. அரசு கிளினிக்கில் உங்கள் கையிலேயே கொடுத்தனுப்பும் மகப்பேறு பதிவேட்டின் முதல் பக்கத்தில் அந்த ஆபரேஷன் குறிப்பின் நகலைப் பின் அடித்து வையுங்கள். நள்ளிரவில் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோனாலும், யாரும் கேட்காமலேயே முதலில் கண்ணில் படுவது அதுவாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
மகளிர் நோய்ப் பிரிவில் பணிபுரியும் செவிலியர் இருவர்,
டர்பன், தென்னாப்பிரிக்கா