கெப் வாகனங்களின் அடிப்பக்கத்தையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதிக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் வழி திறந்துவிட்டபோதிலும், வரிக்கு மேல் வரியாக ஏறி நிற்கும் விலையில் புதிய கெப் வாகனம் ஒன்றை வாங்குவது திருகோணமலையில் மீன் ஏற்றுபவருக்கும் வெங்காயம் ஏற்றுபவருக்கும் எட்டாக்கனியாகவே இருக்கின்றது. எனவே எண்பதுகளின் இறுதியிலும் தொண்ணூறுகளிலும் செய்யப்பட்ட ஹைலக்ஸ், நிசான், இசுசு, மிட்சுபிஷி கெப் வாகனங்களே இன்றும் நிலாவெளி வீதியிலும் கிண்ணியாப் பாலத்திலும் கந்தளாய்ப் பக்கத்திலும் நம் ஊரின் பாரத்தைச் சுமக்கின்றன. அவற்றின் உரிமையாளர்களுள் பலர், கராஜ் கூலிக்கு அஞ்சியோ கைப்பழக்கத்தினாலோ, சிறு திருத்தங்களைத் தம் வீட்டு முற்றத்திலேயே செய்துகொள்கின்றனர். அது நல்ல வழக்கம். நானும் அப்படிச் செய்பவனே. ஆனால் பொனற்றைத் திறந்து எஞ்சினைப் பார்க்கின்ற அளவுக்கு, ஒரு பாயை விரித்து வாகனத்தின் கீழே படுத்துப் பார்ப்பவர்கள் நம்மிடையே மிகக் குறைவு. கடற்கரை ஊரில் பழைய கெப் வாகனம் பெரும்பாலும் கீழிருந்துதான் கெடுகிறது என்பதையே இக்கடிதத்தில் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

எஞ்சினைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஹைலக்ஸில் வரும் 2446 சிசி 2எல், 2779 சிசி 3எல் போன்ற டீசல் எஞ்சின்கள் கணினி இல்லாதவை. இரும்பு வார்ப்பினால் ஆனவை. நேரத்துக்கு ஒயிலும் பில்டரும் மாற்றி, ரேடியேற்றரில் உவர்க் கிணற்று நீரை ஊற்றாமல் கூலன்ற் ஊற்றி, வெடித்த ஃபான் பெல்ற்றையும் எரிந்துபோன ஹீற்றர் பிளக்குகளையும் மாற்றி வந்தால் நெடுங்காலம் உழைக்கக்கூடியவை. ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த எவரும் இவற்றை வீட்டில் செய்யலாம். செய்தும் வருகின்றனர்.

செசி என்று நாம் சொல்லும் அடிச்சட்டத்தின் கதை வேறு. மீன் ஏற்றிய கெப் ஒன்று காலையில் சந்தையருகே நிற்கும்போது அதன் பின்புறத்தைச் சற்றுக் குனிந்து பாருங்கள். பெட்டிகளிலிருந்து ஐஸ் உருகி வடியும் உப்புநீர், மீன் செதிலும் குருதியும் கலந்து, பின்கதவின் இடுக்கு வழியாகவும் தட்டின் ஆணித் துளைகள் வழியாகவும் இறங்கி, அடிச்சட்டத்தின் பின்முனை, வில்லுத் தகடுகளைத் தாங்கும் கொளுவிகள், பிரேக் குழாய்கள், கீழே சங்கிலியில் தொங்கும் மேலதிக ரயர் ஆகிய அனைத்தையும் நனைத்துவிட்டே தரையில் சொட்டுகிறது. வெயில் ஏறியதும் நீர் காய்ந்துவிடும், உப்புக் காயாது. அது இரவில் கடற்காற்றின் ஈரத்தை மீண்டும் இழுத்துக்கொள்வதால், மழையே பெய்யாத ஆனி ஆடி மாதங்களிலும் இரும்பு ஈரமாகவே இருந்து துருவேறுகிறது. பெட்டி வடிவிலான சட்டங்களின் உள்ளே புகுந்த நீர் வெளியேறுவதற்கென அடியில் விடப்பட்டிருக்கும் துளைகள் சேற்றினால் அடைபட்டிருந்தால், துரு உள்ளிருந்து வெளியே வரும். வெளியில் கறுப்புப் பெயின்ற் பளபளப்பாகத் தெரியும் அதே இடத்தில் உள்ளே தகடு காகிதமாகியிருக்கும்.

இதை ஏழை நாட்டுப் பழைய வாகனங்களின் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவில் பனிக்காலத்தில் வீதிகளில் உப்புத் தூவுவார்கள். அந்த உப்பினாலும் போதிய துருக்காப்பு இல்லாமையினாலும் ரொயோட்டா நிறுவனத்தின் டகோமா பிக்கப் வாகனங்களின் அடிச்சட்டங்கள் ஓட்டை விழுந்ததை அடுத்து, 1995 முதல் 2000 வரையான மாதிரிகளுக்கு 2008 இல் அந்நிறுவனம் உத்தரவாதத்தை நீடித்ததோடு, திருத்த முடியாதவற்றைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் முன்வந்தது. பின்னர் வேறு மாதிரிகளையும் சேர்த்துத் தொடரப்பட்ட வழக்கில் 2016 இல் எட்டப்பட்ட இணக்கத்தின் பெறுமதி 340 கோடி டொலர் வரை செல்லும் என மதிப்பிடப்பட்டது. அங்கே வீதியில் தூவிய உப்பு ரயரினால் அடிபட்டுத் தெறித்துச் செய்த வேலையை, இங்கே நாம் மேலிருந்தே ஊற்றிச் செய்கிறோம். நமக்கு ஈடு தர எந்த நிறுவனமும் இல்லை.

பார்க்கும் முறை எளிது. சிறு சுத்தியல் ஒன்றினால் சட்டத்தை முன்னிருந்து பின்வரை தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரிபட்ட இடத்தில் சத்தம் மழுங்கும். அங்கே பழைய ஸ்குரூ டிரைவரினால் அழுத்தினால் உண்மை தெரிந்துவிடும். பின் அச்சுக்கு மேலே சட்டம் வளைந்து ஏறும் பகுதி, வில்லுக் கொளுவிகள் பொருந்தும் இடம், தட்டைச் சட்டத்தோடு பிணைக்கும் ஆணிகளின் சுற்றுப்புறம் ஆகியவற்றை விடாமல் பார்க்க வேண்டும். மேலதிக ரயரைத் தாங்கும் சங்கிலியையும் இறக்கிப் பார்ப்பது நல்லது. அது துருப்பிடித்து அறுந்து ஓடும் வீதியில் ரயர் விழுந்தால், பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரரின் கதி என்னவாகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

தடுக்கும் வழியும் செலவு குறைந்ததே. மீன் ஏற்றிய நாளில், அன்றைக்கே, குழாய் நீரினால் தட்டையும் அடிப்பக்கத்தையும் நன்றாகக் கழுவ வேண்டும். கரையோரக் கிணறுகளின் உவர்நீரினால் கழுவுவது கழுவாததற்குச் சமம். அமுக்கம் கூடிய ஹோஸினால் அடிப்பவர்கள் சில்லுப் பெயாரிங்குகளின் சீல்களிலும் ஓல்டனேற்றரிலும் நேரே அடிக்கக் கூடாது. கழுவி முடிந்ததும் புறப்பெல்லர் தண்டின் மூட்டுகளுக்கும் வில்லு ஆணிகளுக்கும் கிறீஸ் அடித்தால், புதிய கிறீஸ் உள்ளே புகுந்த நீரையும் தள்ளிக்கொண்டு வெளியே வரும். துருவேறிய இடத்தை வயர் பிரஷினால் இரும்பு தெரியும்வரை சுரண்டி, பொஸ்போரிக் அமிலம் சேர்ந்த துரு மாற்றித் திரவம் பூசி, காய்ந்த பின் பிறைமரும் அதன் மேல் பெயின்ற்றும் அடிக்க வேண்டும். துருவின் மேலேயே பெயின்ற் அடிப்பது புண்ணுக்குப் புனுகு தடவும் வேலை. விற்பனைக்கு வரும் வாகனங்களில் அது தாராளமாக நடப்பதால், அடிப்பக்கம் மட்டும் புத்தம் புதிதாகக் கறுத்திருக்கும் பழைய கெப்பை வாங்கப் போகிறவர் சுத்தியலைக் கட்டாயம் எடுத்துச் செல்ல வேண்டும்.

இங்கே ஒரு பழக்கத்தைக் கண்டித்தே ஆக வேண்டும். எஞ்சினிலிருந்து வடித்த பழைய ஒயிலைத் துருவுக்கு மருந்தென்று அடிச்சட்டம் முழுவதும் பூசுவது நம் ஊரில் தலைமுறையாக நடந்து வருகிறது. உலோகத்தின் மேல் அது சிறிது காலம் நீரைத் தடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதே ஒயில் வில்லுகளின் இறப்பர் புஷ்களை ஊதச் செய்து உருக்குலைக்கிறது. பிரேக் லைனிங்கில் பட்டால் பிரேக் பிடிக்காது. புழுதியோடு சேர்ந்து கட்டியாகி அதன் அடியில் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. எஞ்சினின் தேய்மானத் துகள்களையும் எரிகழிவையும் சுமந்திருக்கும் அந்த ஒயில் முதல் மழையிலேயே முற்றத்துக்கும் காணுக்கும் இறங்கி, கடைசியில் கொட்டியாரக் குடாவுக்கோ உப்புவெளிக் கரைக்கோ போய்ச் சேருகிறது. மீன் ஏற்றிப் பிழைப்பவரே மீனின் நீரில் ஒயில் விடுவதை என்னவென்று சொல்வது? மெழுகு வகைத் துருத்தடுப்புப் பூச்சு வாங்க முடியாவிட்டால், சுத்தமான கிறீஸை மெல்லிதாகத் தேய்ப்பதே மேல். அதுவும் இறப்பரிலும் பிரேக்கிலும் படாமல்.

அடுத்து பிரேக். அடிச்சட்டத்தின் உட்பக்கமாகப் பின் சில்லுகளுக்குச் செல்லும் உருக்குக் குழாய், அதைப் பிடித்திருக்கும் கிளிப்புகளின் அடியில் துருப்பிடித்து மெலிந்து, வழமையான மிதிப்புக்குத் தாங்கி நின்று, அவசரமாக முழுப்பலத்தோடு மிதிக்கும் அந்தக் கணத்தில்தான் வெடிக்கும். கிளிப்பைக் கழற்றிப் பார்த்து, குழியோடிய குழாயைத் தயக்கமின்றி மாற்ற வேண்டும். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டொட் 3 வகைக்குப் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸாக இருக்க வேண்டிய கொதிநிலை, ஈரம் ஏறியதும் 140 பாகையளவுக்கு இறங்கிவிடலாம். பாரத்தோடு இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது அது கொதித்து ஆவியானால் மிதி பஞ்சாக உள்ளே போகும். எனவே இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையேனும் முழுவதையும் மாற்றுவது நல்லது.

ஒயில் மாற்றும்போது பிரேக் குழாய்களுக்குள் புகும் காற்றை வெளியே எடுக்க வேண்டும்; அந்த வேலைக்கு இருவர் தேவை. நான் என் பெறாமகனை உள்ளே இருத்தி, "தம்பி, மிதிச்சுப் பிடி, நான் சொல்லுமட்டும் விடாதை" என்று சொல்லிவிட்டு, சில்லின் பின்னால் காற்றை வெளியே விடுவதற்கென உள்ள நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து, கண்ணாடிப் போத்தலில் அமிழ்ந்திருக்கும் குழாயில் குமிழி வருவதைப் பார்த்து, நிப்பிளை இறுக்கிய பிறகே "விடு" என்பேன். இந்த ஒழுங்கு தவறினால் வெளியேறிய காற்று மீண்டும் உள்ளே போய்விடும். நிப்பிள்கள் துருவினால் இறுகியிருக்கும் என்பதால் முதல் நாளே ஊடுருவும் எண்ணெய் விட்டு வைக்க வேண்டும்; பலவந்தமாகத் திருகினால் முறிந்து, சிறிய வேலை பெரிய வேலையாகும். பிரேக் பாகங்களின் இறப்பர் சீல்களைப் பெற்றோலிலோ டீசலிலோ கழுவுவதும், தாங்கியில் அளவு குறைந்ததென்று எஞ்சின் ஒயிலையோ ஸ்ரீயரிங் ஒயிலையோ ஒரு சொட்டேனும் விடுவதும் கூடாது. சீல்கள் எல்லாம் ஊதி, முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டிவரும். பின் டிரம்மைக் கழற்றினால் உள்ளிருக்கும் தூசை ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்டஸ் கலந்திருக்கக்கூடும். நனைத்துத் துடைத்து எடுப்பதே பாதுகாப்பு.

வாகனத்தின் கீழே படுங்கள் என்று எழுதிவிட்டு, எப்படிப் படுப்பது என்று எழுதாமல் விடுவது பாவம். ஜக்கை மட்டும் நம்பி ஒருபோதும் கீழே போகக் கூடாது. நம் கரையோர வளவுகள் மணல் நிலம். ஜக் ஒரு பக்கமாகப் புதைந்து சரியும். அடியில் தடித்த பலகை வைத்துத் தூக்கி, அடிச்சட்டத்துக்கு இரும்பு முட்டுகளோ சிலிப்பர் கட்டைகளோ கொடுத்து, தரையில் நிற்கும் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் அடை வைத்து, வாகனத்தை ஒரு முறை உலுக்கிப் பார்த்த பின்னரே தலையை உள்ளே நீட்ட வேண்டும். பொள்ளலான சீமெந்துக் கற்களை அடுக்கி முட்டுக் கொடுப்பவர்களை அடிக்கடி காண்கிறேன். அந்தக் கல் வெடிப்பதற்கு முன் எந்த எச்சரிக்கையும் தராது.

எல்லாவற்றையும் வீட்டில் செய்யலாம் என்று நான் சொல்லவில்லை. சட்டத்தில் ஓட்டை விழுந்துவிட்டால் அதற்குத் தகடு வைத்து ஒட்டுவது தேர்ந்த வெல்டிங்காரரின் வேலை. எஞ்சினின் வால்வுகளைப் பிஸ்டனோடு நேரம் தவறாமல் இயங்க வைக்கும் டைமிங் பெல்ற்றும் அப்படியே. மேற்சொன்ன ஹைலக்ஸ் எஞ்சின்களில் அதை 100,000 கிலோமீற்றருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். அதற்கென டாஷ் போர்ட்டில் விளக்கும் எரியும். ஆனால் இவ்வளவு கை மாறிய வாகனத்தில் மீற்றர் காட்டும் கணக்கை யார் நம்புவது? அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும். வருடாந்தப் புகைப் பரிசோதனையில் டீசல் எஞ்சினை அதன் உச்ச வேகம்வரை முடுக்குவார்கள் என்பதால், பெல்ற்றின் வயது தெரியாதவர்கள் பரிசோதனைக்குப் போவதற்கு முன்பே நல்ல கராஜில் அதை மாற்றிக்கொள்வது புத்தி.

அந்தப் பரிசோதனையைப் பற்றியே ஒரு வேண்டுகோளும் உண்டு. வருமான அனுமதிப்பத்திரத்துக்காக ஆண்டுதோறும் புகையை அளக்கிறோம். அந்தப் பரிசோதனையில் அடிச்சட்டமும் பிரேக் குழாயும் பார்க்கப்படுவதில்லை. பரிசோதனை விதிகளை மாற்றக் காலம் எடுக்கும் என்றால், கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலோ சந்தையருகிலோ, மாரி தொடங்குவதற்கு முன் புரட்டாதி மாதத்தில், மோட்டார் பொறிமுறை கற்பிக்கும் தொழிற்பயிற்சி நிலையங்களின் மாணவர்களையும் ஆசிரியர்களையும் கொண்டு இலவச அடிப்பக்கச் சோதனை நாள் ஒன்றை நடத்தலாம். மாணவர்களுக்கும் அது கைவேலைப் பயிற்சியாகும். அதே இடத்தில் பழைய ஒயிலைச் சேகரிக்க மூடியுள்ள பீப்பாய்கள் சிலவற்றை உள்ளூராட்சி மன்றம் நிரந்தரமாக வைக்குமாயின், வடித்த ஒயிலை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று தெரியாமல் காணில் ஊற்றுபவர்களுக்கு அந்தச் சாக்கும் இல்லாமற் போகும். சம்பந்தப்பட்டவர்களின் கவனத்துக்கு இதைத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கொண்டுவருகிறேன்.

இங்ஙனம்,
பழைய கெப் வாகன உரிமையாளர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.