பிள்ளையோடு படிக்க வரும் தாய்மார்களுக்கு வாடகைக் குடியிருப்பு தேவை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கணவரை இழந்தோ, கணவரால் கைவிடப்பட்டோ, பிள்ளையோடு தனித்து நிற்கும் இளம்பெண்கள் நம் காவிரிப் படுகை மாவட்டங்களில் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விடுவதற்குப் பெரும்பாலும் குடியிருக்க இடமில்லாததே காரணம் என்பதை அரசின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

அரசுக் கல்லூரிகளில் கட்டணம் மிகக் குறைவு. அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 முதல் மகளிருக்குக் கட்டணமில்லை. இவை பெரிய உதவிகள். ஆனால் கைக்குழந்தையோடு ஒருவர் கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், "வீட்டுக்காரர் எங்கே வேலை பார்க்கிறார்?" என்ற கேள்விதான் வாசலிலேயே வருகிறது. கணவர் உடனில்லை என்று தெரிந்ததும், "கலந்து பேசிட்டுச் சொல்றோம்மா" என்று அனுப்பிவிடுகிறார்கள். கொடுக்க முன்வருபவரும் பல மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கிறார். மாணவியர் விடுதிகளிலோ பிள்ளையை உடன் வைத்துக்கொள்ள வழியில்லை.

ஆகவே பிள்ளையை ஊரில் தம் தாயாரிடம் விட்டுவிட்டு வருகிறார்கள். அந்த ஏற்பாடு சம்பா பருவம் வரைதான் தாங்குகிறது. நவம்பரில் பருவத் தேர்வு. அதே ஐப்பசி, கார்த்திகையில்தான் வயலில் களையெடுப்பு. அந்தக் கூலியை விட்டுவிட்டுப் பாட்டி வீட்டில் உட்கார முடியாது. மழைக்காலமும் அதுவே என்பதால், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போன் வந்தால் மாணவி தேர்வை விட்டுவிட்டு ஊருக்குப் பஸ் ஏறுகிறார். என் வகுப்பில் நன்றாகப் படித்துவந்த ஒருவர் இப்படித்தான் அரியர்மேல் அரியர் வைத்து, பிறகு வராமலேயே போனார். பின்னொரு நாள் அவரை ஒரு பட்டு ஜவுளிக்கடையில், வாடிக்கையாளர் பிரித்துப் பார்த்த புடவைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருக்கக் கண்டேன். படிப்பைப் பற்றிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

வீடு தரும் திட்டங்கள் இல்லாமலில்லை. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தரப்படுகிறது. ஆனால் அது கிராமத்தில் குடிசையில் வாழ்வோர் சொந்த வீடு கட்டிக்கொள்வதற்கானது. இவர்களுக்கு வேண்டியது, படிக்கும் சில ஆண்டுகளுக்குக் கல்லூரிக்கு அருகே, வருமானத்துக்கேற்ற வாடகையில் ஓர் அறையும் ஒரு சமையலறையும்தான். அமெரிக்காவின் லூயிவில் நகரில் 'ஃபேமிலி ஸ்காலர் ஹவுஸ்' என்னும் அமைப்பு, கல்லூரியில் படிக்கும் தனித்த பெற்றோருக்குப் பிள்ளைகளோடு தங்கும் குடியிருப்பையும் படிப்புக்கான வழிகாட்டலையும் சேர்த்தே தருகிறது. இங்கும் அது முடியாததல்ல. தஞ்சாவூரிலும் திருச்சியிலும் பணிபுரியும் மகளிருக்குத் 'தோழி' விடுதிகளை அரசே நடத்துகிறது. அதே முறையில் படிக்கும் தாய்மார்களுக்கென ஒரு பகுதியைக் கட்டி, அங்கேயே குழந்தைகள் காப்பகமும் அமைக்கலாம். இரண்டாம் சுழற்சி வகுப்புகள் மாலைவரை நடப்பதால், அங்கன்வாடி மூடிய பிறகும் அந்தக் காப்பகம் திறந்திருக்க வேண்டும் என்பது மிக முக்கியம்.

புதுமைப் பெண் திட்டம் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரில் அமைந்தது. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய அவரது பெயரோடு இணைந்த மூவலூர், மயிலாடுதுறைக்குப் பக்கத்து ஊர். அவர் பெயரில் திருமண உதவியாக இருந்ததை 2022-இல் உயர்கல்விக்கு மாற்றிய அரசு, இந்த அடுத்த அடியையும் அவருடைய மண்ணிலேயே எடுத்துவைக்கலாம்.

சமூக நலத்துறையும் கைம்பெண்கள் மற்றும் ஆதரவற்ற மகளிர் நல வாரியமும் இணைந்து, தஞ்சாவூர் குந்தவை நாச்சியார் அரசு மகளிர் கல்லூரிக்கு அருகிலோ கும்பகோணம் அரசு மகளிர் கல்லூரிக்கு அருகிலோ இத்தகைய முதல் குடியிருப்பைக் கட்டவும், அதுவரை வாடகைக் கட்டடம் ஒன்றில் வரும் கல்வியாண்டிலேயே தொடங்கவும் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியை,
கும்பகோணம்.