பழைய ஆம்புக்கு மாற்றாக நீங்கள் பரிந்துரைத்த ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர்: திரும்ப எடுத்துக்கொள்ளக் கோரும் புகார்

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: விவரத்தாளில் சொன்ன திறன் இல்லாத ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரைத் திரும்பப் பெற்று முழுப் பணத்தையும் தரக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம்.

உங்கள் விற்பனைப் பிரிவு எழுத்தில் தந்த பதிலை நம்பி உங்கள் ஸ்டீரியோ ஆம்பை வாங்கினேன். பாட்டில் பேஸ் (அடித்தொனி) கொஞ்சம் கனமாக வந்தாலே ஒலி அப்படியே நின்றுவிடுகிறது. முன்பக்க விளக்கு சில நொடிகள் மினுக்கும், அப்புறம் மறுபடி பாடும், அடுத்த கனமான இடத்தில் மறுபடி நிற்கும். சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினேன். "சோதித்தோம், பழுது ஏதும் இல்லை" என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் சொல்வதை நான் முழுதாக நம்புகிறேன். இந்த ஆம்ப் செய்யப்பட்டதே இப்படித்தான். நீங்கள் சொல்லி விற்றதுதான் வேறு.

என் பழைய இன்டகிரேட்டட் ஆம்பில் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் போய்விட்டன. அந்த வகை இப்போது தயாரிப்பில் இல்லை. சந்தையில் கிடைப்பவற்றில் போலிகள் அதிகம் என்று பழுதுபார்ப்பவர் கையை விரித்தார். சரி, புதிதாகவே பார்ப்போம் என்று முடிவெடுத்தபோது ஸ்பீக்கர்களை மாற்றும் எண்ணம் எனக்கு இல்லை. எனவே ஸ்பீக்கருக்குப் பொருந்தும் ஆம்பைத்தான் தேடினேன். ஆம்ப் வாங்கும் யாரும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

வாங்குவதற்கு முன் உங்களுக்கு அனுப்பிய மின்னஞ்சலில் எல்லா விவரமும் கொடுத்திருந்தேன். ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு) 4 ஓம், பேஸ் பகுதியில் 3.4 ஓம் வரை இறங்கும், சென்சிட்டிவிட்டி (கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) 2.83 வோல்ட்டுக்கு 87 டெசிபல். பழைய ஆம்ப் 8 ஓமில் 60 வாட்ஸ், 4 ஓமில் 100 வாட்ஸ் தொடர்ச்சியாகத் தரும். கேட்ட கேள்விகளும் தெளிவானவை. இடது, வலது இரண்டு சேனலும் ஒன்றாக ஓடும்போது 4 ஓமில் தொடர்ந்து எத்தனை வாட்ஸ் வரும்? இம்பீடன்ஸ் 4-க்குக் கீழே இறங்கினால் தாங்குமா? டர்ன்டேபிளை (இசைத்தட்டு பிளேயரை) நேரடியாக இணைக்கலாமா?

வந்த பதில்: "ஒவ்வொரு சேனலுக்கும் 150 வாட்ஸ். உங்கள் பழைய ஆம்பைவிட இரண்டரை மடங்கு சக்தி. எந்த ஸ்பீக்கரையும் ஓட்டும். டர்ன்டேபிள் இணைக்கலாம்."

பெட்டியைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது அடாப்டர். அதன் மேல் 32 வோல்ட், 5 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கிறது. பெருக்கினால் 160 வாட்ஸ். இரண்டு சேனலுக்கு 150 வீதம் 300 வாட்ஸ் வெளியே வர வேண்டும், உள்ளே போவதோ 160. உங்களுடையது போன்ற கிளாஸ் டி வகை ஆம்ப் மின்சாரத்தில் சிக்கனமானதுதான், உள்ளே போவதில் சுமார் 90 சதவீதத்தை வெளியே தரும் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் சேனலுக்கு 70-ஐ ஒட்டித்தான் வருகிறது. இதற்கு எந்த அளவுகருவியும் வேண்டாம், அடாப்டரின் ஸ்டிக்கரைப் படித்தால் போதும்.

இன்னொரு கணக்கும் உண்டு. 32 வோல்ட் சப்ளையில், ஸ்பீக்கருக்குப் போகும் மின் அலையின் உச்சி 32 வோல்ட்டைத் தாண்டாது. அதில் 8 ஓம் ஸ்பீக்கருக்கு இழப்பே இல்லை என்று வைத்தாலும் 64 வாட்ஸ்தான் கிடைக்கும். 4 ஓமில் அது 128. அப்படியென்றால் 150 எங்கிருந்து வந்தது? உங்கள் விவரத்தாளின் அடியில், கண்ணாடி போட்டுக்கொண்டு தேட வேண்டிய எழுத்தில், விடை இருக்கிறது: "4 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீத டிஸ்டார்ஷன், ஒரு சேனல்." டிஸ்டார்ஷன் என்பது ஒலிச் சிதைவு. அது 10 சதவீதம் என்றால் அலையின் தலை வெட்டுப்பட்டு, குரல் கரகரக்கும் நிலை. 1 சதவீதத்தில் அளப்பதைவிட எண் சுமார் கால்வாசி கூடுதலாகக் காட்டும். பாட்டுக் கேட்க யாரும் பயன்படுத்தாத ஒரு நிலையில், ஒரு சேனலை மட்டும், ஒரே ஒரு அதிர்வெண்ணில் ஓட்டிப் பார்த்து எடுத்த எண்ணை எனக்கு "ஒவ்வொரு சேனலுக்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

இந்த வாட்ஸ் பெருக்கல் புதிதல்ல. இதைக் கட்டுப்படுத்தத்தான் அமெரிக்காவில் வணிகத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 1974-லேயே ஆம்ப்ளிஃபையர்களுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. 2024-ல் அதை இன்னும் இறுக்கி, 8 ஓமில், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, டிஸ்டார்ஷன் 1 சதவீதத்துக்குள் அளந்த எண்ணைத்தான் சொல்ல வேண்டும் என்று வரையறுத்தது. அந்த விதி உங்களைக் கட்டுப்படுத்துகிறதா இல்லையா என்பது என் வாதம் அல்ல. நேர்மையான அளவு எப்படி இருக்கும் என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது ஒலி ஏன் நிற்கிறது என்பதற்கு வருகிறேன். 3.4 ஓமுக்கு 32 வோல்ட் உச்சி போனால் ஒரு சேனல் மட்டுமே 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பேஸ் பெரும்பாலும் இரண்டு சேனலிலும் ஒன்றாகத்தான் வரும், ஆகவே இரண்டு மடங்கு. அடாப்டர் தருவது 5. உள்ளே மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கெப்பாசிட்டர்கள் ஒரு கணத்துக்குக் கைகொடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் குழாயில் வருவதைவிட வேகமாகத் தொட்டியிலிருந்து மொண்டால் எவ்வளவு நேரம் தாங்கும்? வோல்ட்டேஜ் சரிகிறது, பாதுகாப்புச் சர்க்யூட் வெட்டுகிறது. ஆம்பின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது செய்வது சரியே.

இதற்கு உங்கள் சர்வீஸ் பிரிவு சொன்ன காரணம்தான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. "உங்கள் ஸ்பீக்கர் 4 ஓமுக்குக் கீழே போகிறது, எனவே ஸ்பீக்கர்தான் பொருத்தமில்லை" என்கிறார்கள். ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் ஒரே எண்ணில் நிற்பதில்லை, அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஏறி இறங்கும். ஐஇசி (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) 60268-5 தர விதியின்படி, சொல்லப்பட்ட இம்பீடன்ஸில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது 3.2. என்னுடையது 3.4. உங்கள் விவரத்தாளில் "4 முதல் 8 ஓம் ஸ்பீக்கர்களுக்கு" என்று போட்டிருக்கிறீர்கள். அந்த வரம்புக்குள் அடங்கும் ஸ்பீக்கர்தான் இது.

"87 டெசிபல் நல்ல சென்சிட்டிவிட்டி, குறைந்த வாட்ஸே போதுமே" என்று தொலைபேசியில் ஒருவர் ஆறுதல் சொன்னார். 2.83 வோல்ட் என்பது 8 ஓமில் 1 வாட், 4 ஓமில் 2 வாட்ஸ். அப்படியானால் 1 வாட்டுக்கு என் ஸ்பீக்கர் தருவது 84 டெசிபல்தான். ஆம்ப் விற்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அவரே "வால்யூமைக் கால்வாசி திருப்பினாலே எப்படி அதிருது பாருங்க" என்றும் சொன்னார். அது கெயின் (உள்ளே வரும் சிக்னலை எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பது) அதிகம் என்பதற்கு அடையாளம், சக்திக்கு அல்ல. அந்தக் கூடுதல் கெயினால் எனக்குக் கிடைத்தது, பாட்டு ஓடாதபோதும் ட்வீட்டரில் (உச்சத்தொனிக்கான சிறு ஸ்பீக்கரில்) கேட்கும் ஒரு 'ஸ்ஸ்' சத்தம்தான்.

டர்ன்டேபிள் விஷயம் சுருக்கமானது. எம்எம் வகைக் கார்ட்ரிஜ் (இசைத்தட்டைப் படிக்கும் ஊசி அமைப்பு) தருவது சில மில்லிவோல்ட். அதை 100 மடங்கு பெருக்கி, ஆர்ஐஏஏ திருத்தமும் (தட்டில் பதியும்போது குறைத்த பேஸை மீண்டும் கூட்டி, கூட்டிய உச்சத்தொனியைக் குறைப்பது) செய்தால்தான் பாட்டாகும். உங்கள் ஆம்பில் இருப்பது சிடி பிளேயருக்கான சாதாரண லைன் இன்புட். "இணைக்கலாம்" என்று சொன்னீர்கள். இணைக்கலாம்தான், கேட்க முடியாது.

எனக்கு வருத்தம் தருவது ஒன்று. இது மோசமான ஆம்ப் அல்ல. 8 ஓம் ஸ்பீக்கரில், அளவான ஒலியில், தெளிவாகவே பாடும். 150 வாட்ஸுக்கும் 60 வாட்ஸுக்கும் வித்தியாசம் வெறும் 4 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். அட்டையில் "8 ஓமில் 55" என்று போட்டிருந்தால் தேவைப்பட்டவர் திருப்தியாக வாங்கிப் போயிருப்பார், நானும் வேறு ஆம்பைப் பார்த்திருப்பேன்.

எனவே நான் கேட்பது: ஆம்பை உங்கள் செலவில் திரும்ப எடுத்துக்கொண்டு, சர்வீஸுக்கு அனுப்பிய கட்டணத்தையும் சேர்த்து முழுப் பணத்தையும் தர வேண்டும். கிரெடிட் கூப்பன் வேண்டாம். பெரிய அடாப்டர் அனுப்புவதாக உங்கள் ஆள் சொன்னதையும் ஏற்கவில்லை. ஆம்பியர் கூடினாலும் டர்ன்டேபிளுக்கான ஃபோனோ இன்புட் முளைக்கப் போவதில்லை. விவரத்தாளில் 8 ஓமிலும் 4 ஓமிலும், இரண்டு சேனலும் ஓடும்போது, 1 சதவீத டிஸ்டார்ஷனுக்குள் தொடர்ந்து வரும் வாட்ஸைப் பெரிய எழுத்தில் போடுங்கள். 10 சதவீத எண்ணை வைத்துக்கொள்வதானால் அது அடிக்குறிப்பில் இருக்கட்டும்.

மின்னஞ்சல் பரிமாற்றம், அடாப்டர் ஸ்டிக்கரின் படம், சர்வீஸ் அறிக்கை, ஒலி நிற்பதைக் காட்டும் வீடியோ எல்லாம் இணைப்பில் உள்ளன. கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் இதே இணைப்புகளோடு நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பில் மனு கொடுப்பேன். ஆம்ப் அதன் பெட்டியில், அடாப்டரோடு, எடுத்துச் செல்லத் தயாராக இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்