மரங்களுக்குப் பெயர்ப்பலகை வைப்போருக்கு ஒரு திறந்த மடல்

பூங்காக்களிலும் கல்லூரி வளாகங்களிலும் மரங்களுக்குப் பெயர்ப்பலகை மாட்டும் பசுமைக் குழு அன்பர்களுக்கு,

வணக்கம். நல்ல வேலை செய்கிறீர்கள். (ஆணி அடிக்காமல் கம்பியில் தொங்கவிட்டால் இன்னும் நல்லது.) என் கவலை எழுத்துப்பிழையைப் பற்றியதல்ல, அரைகுறைத் திருத்தத்தைப் பற்றியது.

எங்கள் பூங்கா நெல்லிமரத்தில் ‘ஃபில்லாந்தஸ் எம்பிளிகா’ என்று அறிவியல் பெயர் சரியாகத்தான் இருந்தது. யாரோ கடைசி எழுத்துகள் மேல் வெள்ளை பெயின்ட் பூசி ‘எம்பிளிகஸ்’ ஆக்கிவிட்டார்கள். முதல் சொல்லான பேரினப் பெயர் ஆண்பால், அதனால் இரண்டாம் சொல்லான சிற்றினப் பெயரும் ஆண்பாலாக வேண்டும் என்ற கணக்கு. அந்த விதி பெயரடைக்கு மட்டும்தான். எம்பிளிகா பெயர்ச்சொல், இந்த இருசொற் பெயர்முறையை நிலைநாட்டிய லின்னேயஸ் 1753இல் எழுதியபடியே நிற்கும். நித்தியகல்யாணி கதை வேறு. வின்கா ரோசியாவாக இருந்த அது கேதராந்தஸ் பேரினத்துக்குப் போனதும் ‘ரோசியஸ்’ ஆனது, ரோசியா பெயரடை என்பதால். புளியைப் பார்த்தும் ஏமாந்துவிடாதீர்கள். ‘அஸ்’ என்று முடிந்தாலும் டாமரிண்டஸ் பெண்பால். மரப்பெயர்களைப் பெண்பாலாகக் கொள்வது பழைய லத்தீன் வழக்கம். எனவே டாமரிண்டஸ் இண்டிகாதான், இண்டிகஸ் அல்ல.

ஆலமரப் பலகைகளில் ஃபைகஸ் பெங்காலென்சிஸ் என்பதில் ‘ஜி’க்கு அடுத்த ‘எச்’சைப் பலர் வெட்டிவிடுகிறார்கள். வங்காளத்தை இன்று ஆங்கிலத்தில் எப்படி எழுதினாலும், முதலில் வெளியிட்டவரின் எழுத்தையே காக்கச் சொல்கிறது தாவரப் பெயரிடல் விதித்தொகுப்பு. அச்சுப்பிழை, விதிக்கு ஒவ்வாத விகுதி போன்ற சிலவற்றில்தான் கைவைக்கலாம்.

கறிவேப்பிலைக்கு அந்த விகுதி விதி பொருந்தும். தரங்கம்பாடிக்கு வந்து செடி சேகரித்த கோனிக் என்பவரின் பெயர் அதன் சிற்றினப் பெயரான ‘கோனிகி’யில் இருக்கிறது. அவர் பெயரின் ‘ஓ’வுக்கு மேலுள்ள இரட்டைப் புள்ளி போய் ‘ஓ, ஈ’ என்று இரண்டு எழுத்தாகும். பெயர் மெய்யெழுத்தில் முடிவதால் கடைசியில் இரண்டு ‘ஐ’. தாவரவியலாளர் ஹூக்கர் பெயர் போல ஆங்கிலத்தில் ‘ஈ, ஆர்’ என முடிந்தால் ஒன்றே போதும். இன்னொரு தாவரவியலாளர் பெட்டோம் பெயர் போல ஆங்கில எழுத்தில் ‘ஈ’யில் முடிந்தாலும் ஒன்றுதான். கறிவேப்பிலையை முர்ராயா பேரினத்தில் வைப்பதா, பெர்கெரா பேரினத்தில் வைப்பதா என்பது வகைப்பாட்டாளர்களின் வழக்கு. அதை எழுத்துப்பிழையோடு குழப்பிக்கொண்டு பலகையை அழிக்காதீர்கள்.

பெயின்ட் டப்பாவைத் திறக்குமுன் பன்னாட்டுத் தாவரப் பெயர் அட்டவணையில் ஒருமுறை தேடிப் பாருங்கள், இணையத்தில் இலவசம். அதிலும் தெளியாவிட்டால் கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது, எழுதிக் கேளுங்கள். அதுவரை பழைய பலகை அப்படியே இருக்கட்டும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர் ஒருவர்