முகாம் வாசலில் நின்ற தங்கைக்கு நன்றி

இன்று கோடை முகாமின் முதல் நாள். என் 5 வயது மகள் வாசலிலேயே என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு விம்ம ஆரம்பித்துவிட்டாள். நீலத் தொப்பி போட்ட ஒரு தன்னார்வலர், கல்லூரி வயதுதான் இருக்கும், அவள் உயரத்துக்கு மண்டியிட்டு உட்கார்ந்தார். "அழாதே" என்று சொல்லவே இல்லை. "இந்த பிரஷ் எல்லாம் எண்ணணும், எனக்கு ஒரு ஆள் வேணும்" என்றார். சட்டையைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

அப்புறம் என்னிடம், "தெரியாம போயிடாதீங்க அக்கா. கடைசி விளையாட்டு முடிஞ்சதும் வருவேன்னு சொல்லிட்டே போங்க" என்றார். நான் நழுவிவிடத்தான் நினைத்திருந்தேன். சொல்லிவிட்டே வந்தேன்.

மாலையில் நகக்கண்ணெல்லாம் பச்சைச் சாயத்தோடு ஓடி வந்தவள், "மொத்தம் 23 பிரஷ் அம்மா!" என்றாள்.

அவசரத்தில் உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. ரொம்ப நன்றி, தங்கச்சி. நாளைக்கும் அவள் உங்களைத்தான் தேடுவாள்.